திங்கட்கிழமை வேலைக்குப் போகணுமே!

'ஆஸ்திரேலியன் ரூல்ஸ்' கால்பந்து தெரியும்தானே? அதன் ஆரம்ப நாட்களில் மெல்போர்னில் ஆடிய வில்லியம் ஹாமர்ஸ்லி என்ற பத்திரிகைக்காரர் பின்னாளில் அதை நினைத்துப் பார்த்து எழுதினார். முழங்காலுக்குக் கீழே தழும்புகள் அப்படியே இருக்கின்றனவாம். அடிக்கடி காலில் ரத்தம் வழியுமாம். வழியாதா பின்னே? எதிராளியின் காலில் வேண்டுமென்றே உதைக்கலாம், ஆணி வைத்த ஷூவும் போடலாம் என்றால்!

குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்களின் உடம்பு துருப்பிடிக்கக் கூடாது, கால்பந்து கிளப் ஆரம்பியுங்கள் என்று 1858-ல் யோசனை சொன்னவர் டாம் வில்ஸ். இங்கிலாந்தில் ரக்பி பள்ளியில் படித்தவர். அங்கே காலில் உதைப்பதும் ஆட்டத்தில் சேர்த்தி.

ஆனால், மெல்போர்ன்காரர்கள் பள்ளிப் பையன்கள் இல்லை, சம்பாதித்துச் சாப்பிடுகிறவர்கள். ஆடுவதற்குக் காலணா கிடையாது. சனிக்கிழமை கால் உடைந்தால் திங்கட்கிழமை யார் வேலைக்குப் போவது?

1859 மே 17. வில்ஸ், ஹாமர்ஸ்லி உள்ளிட்ட சிலர் உட்கார்ந்து பத்தே பத்து விதிகள் எழுதினார்கள். ஓடுகிறவனைத் தள்ளலாம், இடறிவிடலாம். காலில் உதைக்க மட்டும் கூடாது! லண்டன் கால்பந்து சங்கம் இதே தடையைக் கொண்டுவந்தது 1863-ல்தான். அதற்கே கோபித்துக்கொண்டு பிளாக்ஹீத் கிளப் வெளியேறியது.

மெல்போர்ன்காரர்கள் பயந்தாங்கொள்ளிகளா? இல்லை சார். உதை வாங்கிப் பார்த்தவர்கள் எழுதிய விதி அது!