ஆழ்கடல் மிதவை நங்கூரம்

கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, 3,000 அல்லது 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில், காற்றையும் அலையையும் நீரின் வெப்பத்தையும் அளக்கும் மிதவையை ஓராண்டுக்காவது ஓரிடத்தில் நிறுத்திவைக்கும் ஏற்பாடு. மேலே மிதவை, நடுவே கயிறு, அடியில் எடை, உறுப்புகள் மூன்றே. கனமான எடையைத் தயாரிப்பது எளிது. இந்தத் துறையின் வரலாறு முழுவதும் அந்த எடையையும் மிதவையையும் இணைக்கும் கயிற்றின் வரலாறே.

துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் கப்பல், ஆழத்தைப் போல் ஐந்தாறு மடங்கு நீளத்துக்குச் சங்கிலியை விடும். சங்கிலி தரையில் படிந்து கிடந்து நங்கூரத்தைக் கிடையாக இழுப்பதால் அதன் கொழு மண்ணைக் கவ்விக்கொள்கிறது. 4,000 மீட்டர் ஆழத்தில் இதற்கு 20 கிலோமீட்டருக்கு மேல் சங்கிலி வேண்டும். அந்தக் கனத்தை எந்த மிதவையும் தாங்காது. எஃகு வடம் சங்கிலியைவிட இலகுவானது. 1880களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் எலியட் பில்ஸ்பரி, எஃகு வடத்தைக் கொண்டு ‘பிளேக்’ என்ற நீராவிக் கப்பலை வளைகுடா நீரோட்டத்தின் நடுவே நிறுத்தி, நீரோட்டத்தின் வேகத்தை அளந்தார். அந்தக் காலத்துக்கு அது பெருஞ்சாதனை. ஆனால் எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. ஆழம் கூடக்கூட, வடத்தின் வலுவில் பெரும்பங்கு தன் கனத்தைத் தானே சுமப்பதில் கரைந்துவிடும். கப்பலுக்குச் சரிப்பட்டது சிறு மிதவைக்குச் சரிப்படவில்லை.

திருப்பத்தைத் தந்தது நைலான். அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.14 கிராம்; கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.03. ஆகவே கிலோமீட்டர் கணக்கில் நீண்டாலும் நைலான் கயிறு நீருக்குள் மிகக் குறைந்த எடையே காட்டும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அலையில் மிதவை ஏறி இறங்கும் அதிர்ச்சியைக் கயிறே வாங்கிக்கொள்ளும். 1950களில் பசிபிக் கடலில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளை ஒட்டி, ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஐசக்ஸ், வில்லார்ட் பாஸ்கம் போன்றோர் ஆழ்கடலில் அளவுக்கருவிகளை விறைப்பாகக் கட்டி நிறுத்தும் முறைகளை வளர்த்தனர். 1961இல் மெக்சிகோவின் குவாடலூப்பே தீவருகே, சுமார் 3,600 மீட்டர் ஆழத்தில் கடலடியைத் துளைத்து ஆராய முயன்ற மோகோல் திட்டத்தின் துளையிடும் கப்பல் இடம் பெயராமல் நின்றது, தன்னைச் சுற்றி நங்கூரமிடப்பட்ட மிதவைகளை அடையாளமாகக் கொண்டுதான்.

அதே ஆண்டுகளில் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் வில்லியம் ரிச்சர்ட்சன், அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் பெர்முடாவுக்கும் இடையே வரிசையாக மிதவைகளை நிறுத்த முயன்றார். பல மிதவைகள் அறுந்து போயின. மீட்ட கயிறுகளில் வெட்டுகளும், அவற்றில் பதிந்த பல் துணுக்குகளும் இருந்தன. மீன்கள் கடித்திருக்கின்றன! ஆழ்கடலின் ஆபத்து புயலிலும் நீரழுத்தத்திலும் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது புதிது. கடி பெரும்பாலும் மேற்பகுதி நீரிலேயே நிகழ்வதால், மேலே சில நூறு மீட்டருக்குப் பிளாஸ்டிக் உறையிட்ட எஃகு வடம், அதற்குக் கீழே நைலான் என்ற கலப்பு அமைப்பு பிறந்தது. இன்றும் பல மிதவைகளுக்கு இதுவே அடிப்படை.

1982–83இல் பசிபிக் கடல்நீர் வழக்கத்துக்கு மீறிச் சூடான கடுமையான எல் நினோ நிகழ்வு, உச்சத்தை நெருங்கும்வரை சரிவர அடையாளம் காணப்படவில்லை. அதன் விளைவாக அமெரிக்காவின் பசிபிக் கடல்சூழல் ஆய்வகம் நிலநடுக்கோட்டை ஒட்டி டாவோ மிதவை வரிசையை அமைத்தது. சுமார் 70 நிலைகளுடன் 1994இல் அது நிறைவுற்றது. இதன் விறைப்புக் கட்டு முறை, கேட்பவரை வியக்க வைக்கும். கயிற்றின் நீளம் கடலின் ஆழத்தைவிடக் குறைவு, ஏறத்தாழ 98.5 விழுக்காடுதான். குறையும் நீளத்தை நைலான் தன் நீட்சியால் ஈடுகட்டுகிறது. கயிறு எப்போதும் இழுபட்டு ஏறக்குறைய நேர்க்கோடாக நிற்பதால், 500 மீட்டர் வரை அதில் கட்டிய வெப்பமானிகள் தத்தம் ஆழத்திலேயே இருக்கும். மிதவை உலவும் வட்டமும் சிறிது. அடியில் இருப்பது, சுமார் இரண்டு டன் எடையுள்ள பழைய ரயில் சக்கரங்கள். அவை மண்ணைக் கவ்வுவதில்லை, கனத்தாலேயே நிற்கின்றன.

அலையும் நீரோட்டமும் மிகுந்த இடங்களில் இந்த விறைப்பு ஆபத்தாகும். அங்கே ஆழத்தைவிட நீளமான கயிற்றைத் தளர்வாக விடுவார்கள். முளையில் கட்டிய மாடு போல மிதவை பெரிய வட்டத்தில் உலவும். தளர்ந்த கயிறு தரையில் உரசித் தேயாதிருக்க, மேலே நைலானும் கீழே நீரில் மிதக்கும் பாலிப்ரொப்பிலீனும் இணைக்கப்படுகின்றன. கீழ்ப்பகுதி மேலெழும்புவதால் கயிறு நீருக்குள் வளைந்து நிற்குமே தவிர, தரையைத் தொடாது. எளிய யோசனைதான், ஆனால் இந்தத் துறையிலேயே அழகானது என்று சொல்லத் தகும்.

நிறுவும்போது நங்கூரம் கடைசியாகவே இறங்கும். முதலில் மிதவையைக் கடலில் விட்டு, கப்பல் மெல்ல முன்னேற, கயிற்றை நீரின் மேல் நீட்டிக்கொண்டே போவார்கள். குறித்த இடத்தைச் சற்றுத் தாண்டியபின் எடையைத் தள்ளுவார்கள். விழும்போது அது மிதவையின் பக்கமாகப் பின்வாங்கும் என்பதால் இந்தக் கூடுதல் தூரம். அடியை எட்ட ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகலாம். நங்கூரத்துக்குச் சற்று மேலே ஒரு கொக்கி உண்டு. மீட்கும் நாளில் கப்பலிலிருந்து குறியீட்டு ஒலி அனுப்பினால் அது திறந்துகொள்ளும். கயிறும் கருவிகளும் மேலே வரும், எடை கடலடியிலேயே தங்கிவிடும்.

இந்தியாவில் இப்பணி 1996இல் தேசியத் தரவு மிதவைத் திட்டமாகத் தொடங்கி, சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தால் நடத்தப்படுகிறது. 2004 சுனாமிக்குப் பின், கடலடியில் நீரழுத்தத்தை அளக்கும் கருவியோடு ஒலிவழித் தொடர்புகொள்ளும் சுனாமி மிதவைகளும் சேர்ந்தன. 2013இல் பைலின் புயல் வங்கக் கடலைக் கடந்தபோது, அதன் பாதையருகே நின்ற மிதவை அறுபடாமல் தரவு அனுப்பியது. புயலைத் தாங்கும் இந்த மிதவைகள் மனிதக் கையால் சேதமடைவது வேதனைக்குரியது. மிதவையின் நிழலில் மீன் கூடும். மீன் தேடி வரும் படகுகள் அதில் கயிற்றைக் கட்டும்போது உணரிகள் உடைகின்றன, சில நேரம் மிதவையே பிய்ந்து மிதக்கத் தொடங்குகிறது. மீனவர்மீது பழி போட்டு இதைத் தீர்க்க முடியாது. அவர்களுக்கு வரும் புயல் எச்சரிக்கைக்கும் இந்த மிதவைகளின் தரவு உதவுகிறது என்பதை மீன்பிடித் துறைமுகங்களில் நேரில் சென்று விளக்கும் முயற்சிகள் நடந்துவருகின்றன.