செவ்வாயா, வியாழனா? கி.பி. 836-இன் பஸ்காவும் நண்பகல் விதியும்

யூத நாட்காட்டி கி.பி. 358/9-இல் யூதத் தலைவர் இரண்டாம் ஹில்லேலின் ஆணையால் ஒரேயடியாக நிலைபெற்றது என்ற கருத்துக்கு ஆய்வுலகில் நீண்ட ஆயுள் வாய்த்தது. அந்த ஆணையைத் தல்மூத் அறியாது. அதைச் சொல்பவர் பாபிலோனிய யூத அறிஞர் ஹாய் காவோன். அவர் கூற்றும் 12ஆம் நூற்றாண்டில் ஆபிரகாம் பார் ஹிய்யா எடுத்தெழுதியதால் மட்டுமே கிடைக்கிறது. அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலான மௌனத்தை இப்படியொரு சான்றை வைத்து நிரப்புவது எளிதல்ல.

இதைவிட உறுதியான சான்று கெய்ரோவின் பழைய ஏட்டுச் சேமிப்பறையான கெனிசாவிலிருந்து கேம்பிரிட்ஜுக்குப் போன ஒரு கடிதம். 835/6-இல் பாபிலோனிய யூதர்களின் தலைவர் எழுதியது. அவ்வாண்டுப் பஸ்கா செவ்வாய்க்கிழமை என்கிறது அது. இன்றைய விதிகளோ வியாழன் என்கின்றன. மாதம் பிறக்கும் முன்பே பிறை கண்ணில் பட்டுவிடக் கூடாது என்ற கவலை கடிதத்தில் தெரிகிறது. இஸ்ரவேலர் பிளவுபடாதிருக்கப் பாலஸ்தீன அறிஞர்களின் முடிவையே பின்பற்ற வேண்டும் என்றும் அது சொல்கிறது.

இதை ஓராண்டுக்கான விதிவிலக்கு என்று ஒதுக்கியவர்கள் உண்டு. கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. பஸ்காவை அடுத்துவரும் திஷ்ரி மாதத்தின் மோலாத், அதாவது சராசரி அமாவாசைக் கணம், இன்றைய கணக்கில் வியாழக்கிழமை 20 மணி 169 பகுதியில் விழுகிறது. நாள் முந்தைய மாலை ஆறு மணிக்குத் தொடங்கும். ஒரு மணிக்கு 1080 பகுதிகள். நம் கடிகாரத்தில் அது பிற்பகல் 2.09. நண்பகல் விதிப்படி, மோலாத் நண்பகலைத் தாண்டினால் திஷ்ரி முதல் நாளான ரோஷ் ஹஷானா, அதாவது யூதப் புத்தாண்டு, மறுநாளுக்குப் போக வேண்டும்; வெள்ளிக்கிழமை அதற்கு விலக்கப்பட்ட நாள்; ஆகவே சனி. சனியிலிருந்து 163 நாள் பின்னோக்கி எண்ணினால் பஸ்கா வியாழனில் நிற்கும்.

நண்பகல் விதியை மட்டும் எடுத்துவிட்டால்? ரோஷ் ஹஷானா வியாழனிலேயே தங்கும், பஸ்கா செவ்வாய்க்கு வரும். கடிதம் சொல்லும் அதே நாள்!

இந்தப் பொருத்தம் தற்செயலாகவும் இருக்கலாம். ஒரு கடிதம் ஓராண்டுக்குத்தான் சாட்சி. ஆனாலும் 836-இல் நண்பகல் விதி நடைமுறைக்கு வந்திருக்கவில்லை என்ற வாசிப்பே வலுவானது. பிறையைப் பற்றிய கவலை இதற்கு முரணாகாது: நண்பகல் விதி ஆளாத இடத்தில்தான் அப்படியொரு காரணம் நாளைத் தீர்மானிக்க முடியும். எழுத்தர் கைப்பிழை என்ற வாதம் பொருட்படுத்தத்தக்கதல்ல. காரணத்தோடு குறித்த நாளைப் பிழை என்பதற்கு அடிப்படை வேண்டும். கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி அதற்கு முன்பே யூத நாட்காட்டியின் 19 ஆண்டுச் சுழற்சியை விவரித்துவிட்டாரே என்றால், சுழற்சி வேறு, ஒத்திவைப்பு விதி வேறு.

இன்னொரு மறுப்பு சற்றே கனமானது. பாலஸ்தீனத் தலைவர் பென் மேயிர் 921-இல் நண்பகலுக்குப் பின் 642 பகுதிகள் வரை சலுகை உண்டு என்று வாதிட்டார். கடிதம் அந்தப் பழைய வழக்கத்தைத்தான் பின்பற்றியதோ? இல்லை. 836-இன் மோலாத் நண்பகலை 2329 பகுதிகள் கடந்திருந்தது. பென் மேயிரின் எல்லைக்கும் அது வெகு தொலைவு.

ஆக, விதி உருவான காலம் 836-க்கும் 921-க்கும் இடைப்பட்ட 85 ஆண்டுகளுக்குள் அடங்குகிறது. 921-இல் பாபிலோனியத் தரப்பின் சாதியாவும் பென் மேயிரும் மோதிக்கொண்டபோது, நண்பகலை ஒட்டி ஓர் எல்லை தேவை என்பதை இருவருமே கேள்வி கேட்கவில்லை; அது எங்கே நிற்கிறது என்பதுதான் வழக்கு. 922-இல் பென் மேயிர் பஸ்காவை ஞாயிறு என்றார், பாபிலோனியர் செவ்வாய் என்றனர். மேற்கிலும் கிழக்கிலும் யூதர்கள் வெவ்வேறு நாளில் ஆண்டைத் தொடங்கிய பூசலை நிசிபிஸ் நகரக் கிறித்தவ ஆயர் எலியாவும் தம் காலக்குறிப்பில் பதிந்துவைத்தார்.