முறைப்பாடு குடுத்த ஆளுக்குப் பிறகு என்ன நடந்தது?

பகிடி எண்டால் எங்கட ஊரில் சிரிப்பு. வதை எண்டால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. இந்த இரண்டையும் ஒட்டி "பகிடிவதை" என்று ஒரு சொல்லை இலங்கைத் தமிழில் வைத்திருக்கிறோம். கம்பஸில் ஒரு முறைப்பாடு போனால் முதல் இழுபறி இந்தச் சொல்லுக்குள்ளேயே தொடங்கிவிடும். "சும்மா பகிடிக்குச் செய்தனாங்கள் சேர்" என்று சீனியர்மார் சொல்லுவினம். ஜூனியர் சொல்வது வதையை. விசாரிக்கிறவர் எந்தப் பாதியைக் காதில் வாங்குகிறார் என்பதில்தான் மிச்சம் எல்லாம் தங்கியிருக்கிறது.

இந்த இழுபறிக்கு ஐம்பது வருசத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1974இல் வித்தியாலங்கார வளாகத்தில், அதாவது இன்றைய களனிப் பல்கலைக்கழகத்தில், கணித ஆசிரியப் பயிலுநர்கள் பகிடிவதைக்கு ஆளானார்கள். அதை விசாரிக்க அரசாங்கம் குலரத்ன ஆணைக்குழுவை அமைத்தது. செய்தவர்களில் சிலர் வெளியேற்றப்பட்டார்கள். தெரிந்தும் நடவடிக்கை எடுக்காத அதிகாரிகளும் தண்டிக்கப்பட்டார்கள். இந்த இரண்டாவது விசயத்தை நாங்கள் பெரும்பாலும் மறந்துவிட்டோம். முறைப்பாட்டை மேசை லாச்சிக்குள் வைப்பதும் குற்றம்தான் என்று அன்றைக்கே காட்டப்பட்டிருந்தது.

அடுத்த வருசம், 1975இல், பேராதனையின் இராமநாதன் விடுதியில் ஒரு மாணவி பகிடிவதையில் இருந்து தப்ப மாடியிலிருந்து குதித்தார். உயிர் தப்பினாலும் உடல் செயலிழந்தது. 1997இல் அதே பேராதனையில் பொறியியல் படிக்க வந்த தமிழ் மாணவன் செல்வநாயகம் வரப்பிரகாஷ், கடும் உடற்பயிற்சி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டு, சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது.

அது 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். உடற்காயம் மட்டுமல்ல, மனவேதனையும் பயமும் உண்டாக்குகிற செயலும் பகிடிவதைதான் என்று அது சொல்கிறது. கம்பஸ் வாசலுக்கு வெளியே நடந்தாலும் குற்றம். இரண்டு வருசம் வரை சிறை. பாலியல் துன்புறுத்தலோ பாரதூரமான காயமோ என்றால் பத்து வருசம் வரை. கடுமையான சட்டம். ஆனால் முறைப்பாடு குடுத்த பிள்ளை அன்றிரவு எந்த அறையில் படுப்பது, அடுத்த நாள் ஆரோடு கன்டீனில் இருப்பது என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.

சட்டம் வந்து நாலு வருசத்தில், 2002இல், ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பகிடிவதைக்கு எதிராக நின்ற முகாமைத்துவ மாணவன் சமந்த விதானகே, அதைப்பற்றிப் பேசப்போன இடத்திலேயே தாக்கப்பட்டு இறந்தார். எதிர்த்துக் கதைக்கிறவருக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு பாரமும் இருக்கிறது. முறைப்பாடு செய்தவரை "காட்டிக்கொடுத்தவன்" என்பார்கள். யுத்தத்துக்குள்ளால் வந்த சமூகத்தில் அந்தச் சொல்லின் கனம் எல்லாருக்கும் தெரியும். ஒரு முதலாம் வருச மாணவியின் முறைப்பாட்டுக்கு அந்தப் பெயரை வைக்கும்போது, அடித்தவரை விட்டுவிட்டு அடிவாங்கினவரைக் கூண்டில் ஏற்றுகிறோம். பட்ச் முழுக்க அவரோடு கதைக்காமல் விட்டால் போதும், பலர் கடிதத்தை வாபஸ் வாங்கிவிடுவினம். பிறகு "முறைப்பாடு ஒண்டும் வரேல்ல" என்று நிர்வாகம் சொல்லும்.

பாலியல் தொந்தரவு 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் தனிக் குற்றமாக இருக்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால், பிறந்த இடம் பார்த்து ஓரங்கட்டுவதை அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை தடுக்கிறது. அரச பல்கலைக்கழக நிர்வாகமே பாரபட்சம் காட்டினால் உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் அதற்கு ஒரு மாதம்தான் அவகாசம். "பொறுங்கோ தம்பி, உள்ளுக்க விசாரிப்பம்" என்று சொல்லிச் சொல்லியே அந்த மாதம் போய்விடும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நடக்கிற காலம் இந்தக் கணக்கில் சேராது. இது பலருக்குத் தெரியாது.

ஆகவே கம்பஸ் போகிற தம்பி தங்கச்சிமாரே, முறைப்பாட்டை எழுத்தில் குடுங்கோ. திகதி போட்டு, கிடைத்ததாகக் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை வைத்திருங்கோ. விசாரிக்கிற குழுவில் ஆர் ஆர் இருக்கினம், அதுவரைக்கும் விடுதியில் எங்கே தங்குவது என்று கேளுங்கோ. சீனியராகப் போகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பிள்ளை கன்டீனில் தனியாக இருந்தால், பக்கத்தில் போய் இருங்கள்.