கிராண்ட் ஜூரி

'சத்தியம் செய்' என்று பொருள்படும் 'யூராரே' என்ற லத்தீன் வினை, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'ஜூரி' ஆயிற்று. உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்த ஊரார் குழு என்பது அதன் தொடக்கப் பொருள். 'கிராண்ட்' பிரெஞ்சில் 'பெரிய'. தீர்ப்புச் சொல்லும் 12 பேர் சிறு ஜூரி. தலையெண்ணிக்கை கூடியது கிராண்ட் ஜூரி. இங்கிலாந்தில் இரண்டாம் ஹென்றி 1166-இல் இட்ட கிளாரண்டன் ஆணையில் இதன் வேர் இருக்கிறது: தம் வட்டாரத்துக் குற்றவாளிகள் யார் என்று ஊரார் சத்தியம் செய்து சொல்ல வேண்டும்.

கலிஃபோர்னியாவில் கிராண்ட் ஜூரிக்கு இன்னொரு வேலையும் உண்டு: உள்ளாட்சி அமைப்புகளைக் கண்காணிப்பது. அங்குள்ள 58 கவுண்டிகளிலும் (நிர்வாக வட்டாரங்களிலும்) ஆண்டுதோறும் பொதுமக்களிலிருந்து ஒரு குழு அமைகிறது. பெரும்பாலும் 19 பேர். லாஸ் ஏஞ்சலஸில் 23. கவுண்டி அலுவலகங்கள், நகராட்சிகள் ஆகியவற்றின் கணக்கை மட்டுமல்ல, குடிநீர், தீயணைப்பு, கொசு ஒழிப்பு, இடுகாடு என ஒரே பணிக்காக வரி வாங்கி நடக்கும் 'சிறப்பு மாவட்டங்களின்' கணக்கையும் அது கேட்கலாம். வாக்காளர் கண்ணில் அதிகம் படாத அமைப்புகள் இவை.

கிராண்ட் ஜூரியின் அறிக்கை வந்தபின், அதில் பேசப்பட்ட அமைப்பின் நிர்வாகக் குழு 90 நாளுக்குள், தேர்ந்தெடுக்கப்பட்ட அதிகாரி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். பரிந்துரையை ஏற்கக் கட்டாயமில்லை. மறுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும்.