திசு வங்கியில் நோயாளிக்கு ஓர் இடம்

வங்கி என்றதும் பணம்தான் நினைவுக்கு வருகிறது. இரத்த வங்கி, கண் வங்கி ஆகியவற்றையும் நாம் அறிவோம். புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று இன்னொரு வங்கியும் உண்டு. அதுவே திசு வங்கி.

அறுவைச் சிகிச்சையில் அகற்றப்படும் கட்டியில், நோயைக் கண்டறியும் சோதனைக்குப் போக எஞ்சும் சிறு பகுதியை இவ்வங்கி பெற்றுக்கொள்கிறது. உடலை விட்டு நீங்கிய திசு விரைவில் சிதையத் தொடங்கும். ஆகவே அதை உடனே உறைய வைத்து, பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரி செல்சியஸ் குளிர்பெட்டியிலோ, 196 டிகிரி கீழே உள்ள திரவ நைட்ரஜனிலோ பாதுகாக்கிறார்கள். நோயாளியின் வயது, நோயின் நிலை, சிகிச்சையின் பலன் ஆகிய குறிப்புகளும் உடன் சேர்கின்றன. பல ஆண்டுகள் கழித்தும் ஓர் ஆராய்ச்சியாளர் அதை எடுத்து ஆராயலாம்.

பணம் போட்டவர் கணக்குக் கேட்கலாம். திசு கொடுத்தவர் கேட்கலாமா? இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு.

கேளாமல் எடுத்த திசு

1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் கருப்பைவாய்ப் புற்றுநோயுடன் வந்தார். அவருடைய அனுமதியின்றியே கட்டியின் ஒரு துண்டு ஆராய்ச்சிக்கு எடுக்கப்பட்டது. அதிலிருந்து ஜார்ஜ் கை என்ற ஆய்வாளர் வளர்த்த உயிரணுக்கள் ஓயாமல் பெருகின. அவ்வாண்டு அக்டோபரில், தமது 31ஆம் வயதில், அப்பெண் காலமானார். 'ஹீலா' எனப் பெயர் பெற்ற அவ்வுயிரணுக்களோ போலியோ தடுப்பு மருந்துச் சோதனை உட்பட எண்ணற்ற ஆய்வுகளுக்கு உதவின. குடும்பத்தினருக்கு இச்செய்தி 1970களில்தான் தெரிய வந்தது.

2013இல் ஹீலாவின் மரபுத்தொகுதியை விஞ்ஞானிகள் மீண்டும் குடும்பத்தைக் கேளாமலே வெளியிட்டபோது எதிர்ப்பு எழுந்தது. மரபுச் செய்தி பேரப்பிள்ளைகளையும் பற்றியதல்லவா? அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்க அரசின் தேசிய உடல்நல ஆராய்ச்சி நிறுவனம் குடும்பத்துடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. அதன்படி, அச்செய்தியைக் கேட்டு வரும் விண்ணப்பங்களை ஆராயும் குழுவில் லாக்ஸ் குடும்பத்தினர் இருவர் இடம் பெற்றனர்.

நோயாளிகளின் குரல்

இதற்கு முன்பே நோயாளிகள் குரல் எழுப்பத் தொடங்கியிருந்தனர். மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான பெண்களின் முயற்சியால் 1992இல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்நோய் ஆராய்ச்சிக்கு 21 கோடி டாலர் ஒதுக்கியது. 1995 முதல், நோயிலிருந்து மீண்டவர்களும் விஞ்ஞானிகளுடன் அமர்ந்து ஆராய்ச்சித் திட்டங்களை மதிப்பிடலாயினர்.

விஞ்ஞானம் படிக்காதவருக்கு அங்கே என்ன வேலை? விஞ்ஞானி, "எந்த மரபணு மாறியுள்ளது?" என்று கேட்பார். நோயாளி கேட்கும் கேள்விகள் வேறு. ஆய்வுக்காக மட்டும் இன்னொரு முறை ஊசி குத்த வேண்டுமா? ஒப்புதல் படிவம் எளியவருக்குப் புரியுமா? என் மகளுக்கும் இந்நோய் வரலாம் என்று தெரிந்தால் எங்களுக்குச் சொல்வார்களா? என் திசு யாருக்கும் பயன்படாமல் குளிர்பெட்டியிலேயே கிடக்குமா? இவற்றுக்கு விடை சொல்லும் வங்கியைத்தான் மக்கள் நம்புவார்கள். நம்பிக்கை இல்லாவிடில் திசு வராது. திசு வராவிடில் ஆராய்ச்சி இல்லை.

நம் சென்னையில்

நோயாளியின் உறவினர் முயற்சி எடுப்பது நமக்குப் புதிதன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரமே அவரை உந்தியது. இந்திய மாதர் சங்கத்தின் ஆதரவோடு 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது.

இன்று சென்னை ஐ.ஐ.டி.யில், மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையுடன் இணைந்து அமைத்த தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி உள்ளது. இந்தியப் புற்றுநோயாளிகளின் மரபுச் செய்தி உலகத் தொகுப்புகளில் மிகக் குறைவு. இக்குறையைப் போக்க ஐ.ஐ.டி. 2020இல் ஒரு திட்டம் தொடங்கியது. 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் திசுக்களை ஆராய்ந்து, அதன் முடிவுகளை 2025 பிப்ரவரியில் வெளியிட்டது.

நம் நாட்டின் விதி என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, திசு அதைக் கொடுத்தவருக்கே சொந்தம். வங்கி அதன் காப்பாளர் மட்டுமே. கொடுத்தவர் பின்னர் அதைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. ஆய்வுகளை அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவில் மருத்துவத் துறை சாராத பொதுமனிதர் ஒருவரும் இருக்க வேண்டும்.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் தொழிலாளி ஒருவருக்கு வாய்ப்புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாள் ஒப்புதல் படிவம் நீட்டப்படுகிறது. அந்த அச்சத்தில் அவர் எதைப் படிப்பார், எதைக் கேட்பார்? அவர் கேட்க வேண்டியதை, அதே படுக்கையில் கிடந்து எழுந்த ஒருவர் முன்கூட்டியே கேட்டு வைக்க முடியும். பொதுமனிதருக்கு விதி இடம் தந்துவிட்டது. திசுவை யாருக்கு, எதற்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் குழுவில் நோயறிந்தவருக்கும் ஓர் இடம் தருவதே அடுத்த படி.