எலிமென்டர் பக்கம் திறக்கலையா? எதையும் டெலீட் செய்வதற்கு முன் இதைப் பாருங்க!

வேர்ட்பிரஸ் தளத்தில் கோடிங் தெரியாமலே பக்கங்களை வடிவமைக்க உதவும் பேஜ் பில்டர்களில் பிரபலமானது எலிமென்டர். 2016-ல் அறிமுகமான இந்த ப்ளகினை நம்பித்தான் பல சின்னக் கடைகளின் ஆன்லைன் வியாபாரமே நடக்கிறது. நேற்று வரை ஓடிய பக்கம் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு திறக்காமல் போனால், பதற்றத்தில் பலரும் செய்வது இரண்டு: ப்ளகினை டெலீட் செய்வது, இல்லையென்றால் பழைய பேக்கப்பை ஏற்றுவது.

இதில் இரண்டாவதுதான் ஆபத்து. நீங்கள் வடிவமைத்த பக்கம் தளத்தின் டேட்டாபேஸில் இருக்கிறது. கடைக்கு வரும் ஆர்டர்களும் அதே டேட்டாபேஸில்தான் சேர்கின்றன. மூன்று நாள் பழைய பேக்கப்பை முழுசாக ரீஸ்டோர் செய்தால், இடையில் வந்த ஆர்டர்களும் சேர்ந்தே போய்விடும். பக்கம் உடைந்த நிலையில் இருந்தாலும் சரி, முதலில் புதிதாக ஒரு பேக்கப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எடிட்டர் சுற்றிக்கொண்டே இருக்கிறதா?

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பெரும்பாலும் வேறொரு ப்ளகினோ தீமோ எலிமென்டருடன் மோதுகிறது என்று அர்த்தம். லோடிங் திரையிலேயே சிறிது நேரத்தில் 'சேஃப் மோட்' என்ற வசதி வரும். அதை ஆன் செய்தால் தீமும் மற்ற ப்ளகின்களும் இல்லாமல் எடிட்டர் திறக்கும். இந்த மாற்றம் எடிட்டருக்குள் மட்டும்தான். தளத்துக்கு வருபவர்களுக்கு எதுவும் தெரியாது. இதில் திறந்துவிட்டால் கோளாறு எலிமென்டரில் இல்லை. மற்ற ப்ளகின்களை ஒவ்வொன்றாக டீஆக்டிவேட் செய்து பார்த்தால் குற்றவாளி சிக்கிவிடும்.

சேஃப் மோடிலும் திறக்கவில்லை என்றால் மெமரியைப் பாருங்கள். வேர்ட்பிரஸ் சாதாரணமாக எடுத்துக்கொள்வது 40 எம்.பி.தான். எலிமென்டருக்கு 256 எம்.பி. இருந்தால் நல்லது. எலிமென்டர் மெனுவின் 'சிஸ்டம் இன்ஃபோ' பகுதியில் உங்கள் தளத்தின் அளவு தெரியும். அதைக் கூட்டித் தரச்சொல்லி ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்கலாம். மலிவான பிளான்களில் இதற்கே மேல் பிளானுக்கு மாறச் சொல்வார்கள். மற்ற ப்ளகின்களைச் சோதித்துவிட்டு அப்புறம் காசு கட்டுங்கள்.

மாற்றியது போனில் தெரியலையா?

இது கேஷ் செய்யும் வேலை. இன்காக்னிட்டோவில் திறந்து பாருங்கள். அங்கே புதிய பக்கம் தெரிந்தால் தளத்தில் பிரச்னையே இல்லை, உங்கள் பிரவுசர்தான் பழசைக் காட்டுகிறது. அங்கேயும் பழசு என்றால் கேஷ் ப்ளகினையும் ஹோஸ்டிங் கேஷையும் காலி செய்யுங்கள். எழுத்து மட்டும் இருக்கு, டிசைன் கலைந்து கிடக்கு என்றால், எலிமென்டரின் 'டூல்ஸ்' பகுதியில் சிஎஸ்எஸ் கோப்புகளை மறுபடி உருவாக்கும் பட்டனை அழுத்திவிட்டு, கேஷை இன்னொரு முறை காலி செய்ய வேண்டும்.

சேவ் ஆகலையா?

எடிட்டர் திறந்திருக்கும் அந்த டேபை மூடாதீர்கள், ரீஃப்ரெஷும் வேண்டாம். சேவ் ஆகாத வேலை அதில் மட்டுமே இருக்கிறது. 403 என்று வந்தால் சர்வரின் பாதுகாப்பு ஃபயர்வால் தடுத்திருக்க வாய்ப்பு அதிகம். நேரத்தைக் குறித்துக்கொண்டு ஹோஸ்டிங் உதவி மையத்திடம் சொன்னால், அவர்கள் லாகைப் பார்த்து அந்த விதியைத் தளர்த்துவார்கள்.

தளம் மொத்தமும் போய் 'கிரிட்டிக்கல் எரர்' என்ற ஒரு வரி மட்டும் தெரிகிறதா? 2019-ல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, இந்த மாதிரி நேரத்தில் அட்மின் மெயிலுக்கு வேர்ட்பிரஸ் ஒரு ரெக்கவரி லிங்க் அனுப்பும். ஸ்பேம் ஃபோல்டரையும் பாருங்கள். தளத்தைக் கட்டிக்கொடுத்தவரின் மெயில் ஐடியே இன்னமும் அட்மினாக இருந்தால், அந்த லிங்க் அவருக்குத்தான் போயிருக்கும். உள்ளே நுழைந்ததும், எந்த ப்ளகின் கோளாறு செய்தது என்று அதுவே காட்டும்.

எலிமென்டர் அப்டேட்டுக்குப் பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது என்று உறுதியாகத் தெரிந்தால், 'டூல்ஸ்' பகுதியின் 'வெர்ஷன் கன்ட்ரோல்' மூலம் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். ப்ரோ வைத்திருப்பவர்கள் அதன் பதிப்பும் இலவசப் பதிப்பும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.