பாலில் வந்த பகை

‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்பது நம் முன்னோர் வாக்கு. தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவன யாவும் பிறப்பு வழி வருவனதாமா? இவ்வினாவுக்குச் சுண்டெலிகளைக் கொண்டு விடை கண்ட வரலாறு மாணவர் அறியத்தக்கது.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்னும் கடலோரச் சிற்றூரில், 1929இல் கிளாரன்ஸ் லிட்டில் என்னும் அறிஞர் ஜாக்சன் ஆய்வகத்தை நிறுவினார். உடன்பிறந்த எலிகளையே தலைமுறைதோறும் இணைசேர்த்து, ஒத்த மரபுடைய குலங்களை அங்கு வளர்த்தனர். சில குலங்களில் பெண்ணெலிகள் பெரும்பாலும் பால்சுரப்பிப் புற்றுக்கு இரையாயின. வேறு சிலவற்றில் அந்நோய் அரிதாகவே தோன்றியது. எனவே, அது பரம்பரை நோய் என்று கருத இடமிருந்தது.

ஆயினும் ஒன்று பொருந்தவில்லை. இருவகைக் குலங்களையும் கலந்தபோது, தாய் நோய்க்குலத்தைச் சேர்ந்ததாயின் மகளெலிகளுக்கு நோய் மிகுந்தது. தந்தை மட்டும் அக்குலமாயின் குறைந்தது. 1933இல் ஆய்வகத்தார் இதனை வெளியிட்டனர். அவர்களுள் ஒருவரான ஜான் பிட்னர், நோய்க்குலக் குட்டிகளைப் பிறந்தவுடன் பிரித்து, நோய் அரிதான குலத்துச் செவிலித்தாய்களிடம் பாலுண்ண விட்டார். நோய் பெரிதும் குறைந்தது! 1936இல் இம்முடிவை அறிவித்தார். ‘பால் காரணி’ என்று வழங்கப்பட்ட அப்பொருள் ஒரு வைரசே என்பது பின்னர் உறுதியாயிற்று.

இவ்வைரசு தன் மரபுச் செய்தியை எலியின் உயிரணுவுக்குள் பதித்துவிடுகிறது. பால்சுரப்பியில் மிகுதியாகவும், உமிழ்நீர்ச் சுரப்பி முதலியவற்றிலும் அது வெளிப்படுகிறது. கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் சுரக்கும் ஹார்மோன்கள் அதனைத் தூண்டுகின்றன. குட்டிக்குப் பால் பெருகும் வேளையே பகையும் பெருகும் வேளை! பதிந்த இடத்துக்கு அருகிலுள்ள மரபணுவை அது முறைதவறி இயக்கும்போது புற்றுக்கு வழி பிறக்கிறது. அத்தகைய மரபணு ஒன்றை 1982இல் ரோயல் நூசே, ஹரால்டு வார்மஸ் இருவரும் கண்டறிந்தனர். வைரசின் படிகள் சில மரபு வழியாகவும் இறங்குவதை ஆய்வாளர் கண்டுள்ளனர். பிறப்பும் வளர்ப்பும் அத்துணைப் பின்னிக் கிடக்கின்றன.

எலிகளிடம் கண்டதை மனிதத் தாய்ப்பாலின்மேல் ஏற்றி அஞ்சுதல் தவறு. நாம் கொள்ளவேண்டிய பாடம் வேறு. ‘இவன் பிறவியிலேயே இப்படித்தான்’ என்று ஒரு மாணவனை ஒதுக்குமுன், பிட்னரைப் போல் இன்னொரு முறை சோதித்துப் பார்த்தோமா? ஆசிரியர் ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது.